ஓயாத கால்சைன்

"எட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன் டீச்சர். நீங்க ஒரு வார்த்தை கேட்கலை."

இசக்கிமுத்து உட்காரக்கூட இல்லை. வீட்டுக்கு அனுப்பிய மறுநாளே, காலை ஆறு மணிக்கு ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சர் என்று அவர் அழைத்த வெயிலுகந்தாளுக்கு நாற்பதுதான். பாளையங்கோட்டையில் அந்த அம்மாள் வீட்டு முன்னறையில்தான் இசக்கிமுத்து, வீட்டிலிருந்தே உலகெங்கும் ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோவைக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினார்.

அதே அறையில், அதே வருஷம் கற்றவர் மசூது. கடையநல்லூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

மசூதுக்குக் காய்ச்சல் என்றதும் டீச்சர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதைக் கேள்விப்பட்ட அன்று இசக்கிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

மசூது இரண்டு வருஷத்தில் ரேடியோவில் பேசியது அறுபது பேரிடம் இருந்தால் அதிகம். அதிலும் பாதி மழையைப் பற்றி, மீதி மகள் கல்யாணத்தைப் பற்றி.

இசக்கிமுத்து தானே இயங்கும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். கம்ப்யூட்டரே அவருடைய கால்சைனை, அதாவது லைசென்ஸோடு கொடுத்த அடையாளக் குறியை, ரேடியோவில் அனுப்பும். பதில் வந்தால் குறித்துக்கொள்ளும். அடுத்தவரைத் தேடும். நூற்று எண்பது நாடுகள் ஆகிவிட்டன.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார் டீச்சர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மசூது பேசியதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

இதையெல்லாம் இசக்கிமுத்து இன்று கொட்டித் தீர்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததையும், மகன் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சொன்னார்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்குத் தெரியாது சார்."

"ஒரு நாள்கூடத் தேடலையா?"

"தினமும் பார்த்தேன். நீங்க இருந்தீங்க."

அவர் வீட்டில், பூட்டிய அறைக்குள் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை. அவருடைய கால்சைன் எட்டு நாளும் டீச்சரின் கம்ப்யூட்டர் திரையில் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அவசரப் பிரிவில் அவர் நினைவில்லாமல் கிடந்த அன்று அந்த கம்ப்யூட்டர் பிரேசிலில் ஆறு பேரைப் பிடித்திருக்கிறது.

அந்த ஆறு பேரும் ஒன்றும் கேட்கவில்லை.

இசக்கிமுத்து உட்கார்ந்தார். தான் விழுந்தது மசூதுக்கு நல்ல நிம்மதியாக இருந்திருக்கும் என்றார். குரலில் கசப்பு அப்படியே இருந்தது.

டீச்சர் ஒரு நோட்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தார். தினமும் காலை ஆறரைக்கு டீச்சரின் மாணவர்கள் ரேடியோவில் கூடிப் பேசுவார்கள். யார் வந்தார்கள், யாரை அழைத்தார்கள் என்று அதில் எழுதி வைப்பார். இசக்கிமுத்து அந்தப் பேச்சுக்கு வருவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

*செவ்வாய். மசூது, இசக்கிமுத்துவை அழைத்தார். பதில் இல்லை.*

*புதன். மசூது அழைத்தார். பதில் இல்லை.*

*வியாழன். மசூது அழைத்தார். போனும் அணைந்திருக்கிறதாம்.*

"அன்னைக்கு நான்தான் அவர்கிட்ட சொன்னேன், சார் நல்லா இருக்கார், திரையில தெரியுதுன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"அது மெஷின் டீச்சர்னு சொன்னார். நான்தான் பெரிசா எடுத்துக்கலை."

வெள்ளி. சனி. ஞாயிறு. அடுத்த பக்கத்திலும் அதே வரி.

இசக்கிமுத்து நோட்டை மூடவில்லை.

"நான் ஒரு நாளும் அவரைக் கூப்பிட்டதில்லையே" என்றார்.

மணி ஆறரை. டீச்சர் ரேடியோவைப் போட்டார். இரைச்சலுக்கு நடுவே மசூதின் குரல் வந்தது. அது இசக்கிமுத்துவின் கால்சைனைத்தான் சொல்லி அழைத்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

டீச்சர் மைக்கை நீட்டினார்.

இசக்கிமுத்து அதை வாங்கிப் பொத்தானை அழுத்தினார். பழக்கத்தில் தன் கால்சைனை மட்டும் சொன்னார். பொத்தானை விட்டார்.

மறுபடி இரைச்சல் எழுந்தது.

"அண்ணாச்சி," என்றது குரல், "இப்பப் பேசுறது நீங்கதானா?"