முதல் பரிசு பெற்ற கூவல்

நாவல்குட்டைக் கரையில் மந்திகளும் மான்களும் ஓர் உடன்படிக்கையில் வாழ்ந்து வந்தன. மந்தி மரத்தின் மேலிருந்து பார்க்கும். மான் கீழே நின்று மோப்பம் பிடிக்கும். சிறுத்தை வருவது யாருக்கு முதலில் தெரிந்தாலும் உடனே குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. யாரும் யாருக்கும் இனாமாக எதுவும் செய்யவில்லை. அதனால்தான் அது நிலைத்தது.

கோடையில் மட்டும் இந்த ஏற்பாடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். காற்று அடங்கிப் போகும். மானின் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. குட்டை சுருங்கும். சுற்றியிருக்கும் நாணல் காய்ந்து சிறுத்தையின் நிறத்துக்கே வந்துவிடும். அப்போது கரை மேட்டில் ஒருவர் பகல் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். ஏறத் தெரிந்தவர் அங்கே நிற்கும் மருதமரத்தின் உச்சியில் இருக்கலாம். தெரியாதவர் மேட்டிலேயே நிற்கலாம். தண்ணீர் குடிக்கக் குனிகிற அத்தனை தலைக்கும் அந்த ஒரு குரல்தான் காப்பு.

காவலுக்கு யார் என்பதை மழைக்காலம் முடிந்ததும் ஒரு போட்டி வைத்து முடிவு செய்வார்கள். குட்டி என்றும் சொல்ல முடியாது, வளர்ந்தது என்றும் சொல்ல முடியாது, எந்த இனமானாலும் அந்த இரண்டுங்கெட்டான் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் போட்டி. அந்த வயதுக் கண்ணுக்குத்தான் தூரம் நன்றாகத் தெரியும். வினா விடை உண்டு. ஆட்டம் உண்டு. கடைசியில் கூவல். கூவலில் முதலாவது வந்த பிள்ளைக்குக் கோடைக் காவல். அதன் குடும்பத்துக்கு விடிகாலையின் முதல் தண்ணீர், யார் காலும் கலக்காத தண்ணீர்.

சடைச்சி என்ற மந்திக்கு அந்த முதல் தண்ணீர் வேண்டியிருந்தது. போன கோடையில் கலங்கல் தண்ணீரைக் குடித்து அதன் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் செத்துப்போனது. இன்னும் இரண்டு சின்னதுகள் இருந்தன. மூத்தவள் கொழுந்துக்குப் போட்டி வயது. சடைச்சி நேராக மைனாவின் பொந்துக்குப் போனது. எந்தக் குரலையும் அப்படியே பேசிக் காட்டும் மைனாவுக்குக் காடு முழுக்கப் பெயர் இருந்தது.

"மைனா, என் பொண்ணு ஜெயிக்கணும். என்ன கேக்குற?"

"உன் அத்திமரத்துல தெற்குக் கிளை."

"தெற்குக் கிளையா! காய்ப்பே அதுலதான் இருக்கு! வடக்குக் கிளையை எடுத்துக்கோ."

"வடக்குக் கிளைக்கு ஆறுதல் பரிசுதான் வரும்."

சடைச்சி பல்லைக் கடித்தது. "தொலை! தெற்குக் கிளையே எடுத்துக்கோ. ஆனா ரெண்டாம் பரிசுன்னு மட்டும் வந்துச்சு, உன் பொந்தைப் பிரிச்சு மேய்ஞ்சிடுவேன்!"

"முதல் பரிசுக்கு நான் பொறுப்பு. பாப்பா, எங்கே, ஒரு தடவை கூவு பார்ப்போம்."

கொழுந்து கூவியது. "கக்! கக்! கக்!"

கீழே, கொழுந்து உதிர்த்துப் போட்ட தழையை ஒரு மான்குட்டி தின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் பொரி. பொரியை வாரி இறைத்த மாதிரி முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. கூவலைக் கேட்டதுதான் தாமதம், வாயில் இருந்த தழையோடு ஒரே பாய்ச்சலில் புதருக்குள் போய் விழுந்தது.

மைனா சிரித்தது. "இது கூவலா? தொண்டையில கொட்டை சிக்கினாப்பல இருக்கு! ஏற்ற இறக்கம் எங்கே? உணர்ச்சி எங்கே? சபைக்கு ஒரு வணக்கம் உண்டா?"

"சிறுத்தை வர்றப்ப யாரு மாமா வணக்கம் சொல்லுவா?" என்று கேட்டது கொழுந்து.

"போட்டியில சிறுத்தை வராது பாப்பா. நடுவர்தான் வருவார்."

அன்றே பயிற்சி தொடங்கியது. நேராக நிற்க வேண்டும். வாலை வலப்பக்கம் சுருட்ட வேண்டும். கை கூப்ப வேண்டும். "அவைக்கு என் முதல் வணக்கம்! நடுவர் ஐயாவுக்கு வணக்கம்! கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்!" அதன் பிறகே கூவல். அதுவும் எடுத்த எடுப்பில் கூடாது. முனகல் போலத் தொடங்கி, மெல்ல ஏறி, உச்சியில் நின்று, இழுத்துக் குழைத்து இறங்க வேண்டும்.

கொழுந்து மறந்துபோய் "கக்!" என்று ஆரம்பித்தால் சடைச்சி வாலைப் பிடித்து இழுக்கும். முதுகில் ஒன்று வைக்கும். "தூக்கத்துல தட்டி எழுப்பினாலும் வணக்கம்தான் முதல்ல வரணும்! புரியுதா?"

புரியாமல் என்ன? வலித்தால் எல்லாம் புரியும்.

ஒருநாள் பொரி மரத்தடியில் நின்று முழுவதையும் கேட்டது. "நல்லா இருக்குடி கொழுந்து. ஆனா எனக்கு ஓடத் தோணல."

"ஓடத் தோணக் கூடாது. கைதட்டத் தோணணும். மைனா மாமா அப்படித்தான் சொன்னாரு."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் பொரி தழையைத் தின்னப் போயிற்று.

போட்டி நாள் வந்தது. குட்டையைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவராகத் தூரதேசத்திலிருந்து வந்திருந்த கூழைக்கடா என்ற நீர்ப்பறவையை அமர்த்தியிருந்தார்கள். பெரிய அலகு, பெரிய பை, பெரிய கௌரவம். பகலெல்லாம் தண்ணீர் நடுவிலேயே மிதப்பவர். சிறுத்தை அவரை ஒருநாளும் துரத்தியதில்லை. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

வினா விடை முடிந்தது. ஆட்டத்தில் பொரி வழுக்கிச் சேற்றில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், பொரியும் சேர்ந்து சிரித்தது. பிறகு கூவல்.

முதலில் வந்தது ஆள்காட்டிப் பறவையின் குஞ்சு. குச்சிக் கால்களோடு மேட்டில் ஏறியது. வணக்கம் இல்லை, வால் சுருட்டல் இல்லை. கழுத்தை நீட்டிக் கத்தியது.

"வந்துட்டான்! வந்துட்டான்! ஓடு! ஓடு! ஓடு!"

அவ்வளவுதான். கூட்டம் சிதறியது. முயல்கள் வளைக்குள். மந்திகள் மரத்தில். மான்கள் எந்தப் பக்கம் போயின என்றே தெரியவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஓடியது பொரி. கூழைக்கடா மட்டும் தண்ணீரில் அசையாமல் மிதந்தது.

வெகுநேரம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வெட்கத்தோடு உடம்பில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கூழைக்கடா கனைத்தது. "அவையைக் கலைத்தது பெரிய குற்றம். சபை மரியாதை சிறிதும் இல்லை. இனிமை இல்லை. எடுத்துக்கொண்ட நேரமும் போதாது. அடுத்தவர் வரலாம்."

தாய் ஆள்காட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா! ஓடணும்னுதானே கூவுறது! எல்லாரும் ஓடினாங்களே, பார்த்தீங்கதானே!"

"அம்மா, நடுவர் தீர்ப்பே இறுதியானது!"

கூட்டமும் அதையே சொன்னது. "ஆமா, உக்காரும்மா. ஓடவிட்டு மானத்தை வாங்கினது போதாதா?"

அடுத்து கொழுந்து வந்தது. வாலைச் சுருட்டியது. கை கூப்பியது. மூன்று வணக்கமும் முறையாகச் சொன்னது. முனகலில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறியது. கிழட்டு மான் ஒன்று கண்ணை மூடித் தலையாட்டியது. உச்சியில் குரல் நின்றபோது இரண்டு முயல்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. இழுத்துக் குழைத்து இறங்கி முடிக்கும்வரை ஒருவர் காலும் அசையவில்லை.

சிறுத்தை வருகிறது என்று சொல்கிற கூவல் அது! ஒருவர் காலும் அசையவில்லை!

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பொரியின் தாய் புள்ளிமான், குளம்பு வலிக்கும்வரை தரையைத் தட்டியது. முதல் பரிசு கொழுந்துக்கு. ஆவாரம்பூ மாலை போட்டார்கள். தெற்குக் கிளை மைனாவுக்குப் போனது. ஆள்காட்டிக் குடும்பம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மேற்கே வேறு தண்ணீர் தேடிப் போய்விட்டது.

கோடை வந்தது. விடிந்ததும் சடைச்சி தன் சின்னதுகளைக் கூட்டிக்கொண்டு முதல் தண்ணீருக்குப் போகும். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அவை குடிக்கிற சத்தத்தைக் கேட்டு அதற்கு வயிறு குளிரும். மருதமரத்தின் உச்சியில் மூத்தவள். கீழே நிழலில் பொரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒரு நண்பகல். இலை அசையவில்லை. மான்கூட்டம் தண்ணீருக்கு இறங்கியது. பொரி எல்லோரையும் விட்டு ஓரமாக, நாணலை ஒட்டிக் குனிந்தது.

காற்றே இல்லாதபோது நாணல் அசைந்தது.

கொழுந்து பார்த்துவிட்டது. காய்ந்த நாணலுக்கு நடுவே இரண்டு காது. பதுங்கி வளைந்த முதுகு. நன்றாகவே பார்த்தது. வாய் திறந்தது.

ஆனால் கை தானாகக் கூப்பிக்கொண்டது. வால் வலப்பக்கம் சுருண்டது.

"அவைக்கு என் முதல் வணக்கம்..."

தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. நிறுத்தப் பார்த்தது. முடியவில்லை. பயத்தில் அறிவு ஓடிப்போய்விட்டது, பழக்கம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. "நடுவர் ஐயாவுக்கு வணக்கம்..."

மான்கள் தலையைத் தூக்கின. பிள்ளை பயிற்சி செய்கிறது என்று நினைத்து மறுபடி குனிந்தன. பொரி மட்டும் மேலே பார்த்தது. தோழியின் குரல் கேட்ட சந்தோஷம் அதன் முகத்தில் இருந்தது.

"கக்!" என்று அலறியபோது சிறுத்தை பாய்ந்து முடித்திருந்தது.

கரை காலியாயிற்று. சிறுத்தை பொரியின் கழுத்தைக் கவ்வி நாணலுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

சடைச்சி மரத்தில் ஏறி மகளை அறைந்தது. "கண்ணை எங்கடி வச்சிருந்தே?"

"பார்த்தேம்மா. அது பாயறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டு ஏன் கூவல?"

"கூவினேம்மா. வணக்கம்தான் வந்துச்சு."

இரண்டாவது அறைக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

அந்தக் கோபத்தோடு சடைச்சி மைனாவின் பொந்துக்குப் பாய்ந்தது. "வெளியே வாடா! என்னடா சொல்லிக் கொடுத்தே என் பொண்ணுக்கு?"

மைனா தலையை மட்டும் நீட்டியது. அதன் குரலும் இறங்கித்தான் இருந்தது. "நீ என்ன கேட்டே சடைச்சி? முதல் பரிசு கேட்டே. வாங்கிக் கொடுத்தேன். காவல் காக்கச் சொல்லிக் கொடுன்னு நீ கேக்கவே இல்லையே?"

பேரம் பேசுவதில் தேர்ந்தது சடைச்சி. கேட்ட சரக்கைத்தான் மைனா கொடுத்திருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்டதுதான் தப்பு.

சடைச்சி இறங்கிப் புள்ளிமானிடம் போனது. புள்ளிமான் மேட்டில் படுத்து நாணலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, என்னை முட்டிக் கொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

புள்ளிமான் திரும்பவில்லை. "கூவினப்ப நானும்தானே கைதட்டினேன்."

சடைச்சி அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அந்த ஆள்காட்டிக் குஞ்சு கத்தினப்ப என் பொரி எல்லாருக்கும் முன்னாடி ஓடுனா," என்றது புள்ளிமான். "திரும்பி வந்ததும் நான்தான் அவளைத் திட்டினேன். சபையில இப்படியா ஓடுவே, மானத்தை வாங்கிட்டியேடின்னு. அதுக்கப்புறம் அவ எதுக்கும் முதல்ல ஓடவே இல்ல."



மறுநாள் சடைச்சி முதல் தண்ணீருக்குப் போகவில்லை. வெயிலில் மேற்கே நடந்து ஆள்காட்டிக் குடும்பத்தைக் கண்டுபிடித்தது. தலையைக் குனிந்து நின்று கூப்பிட்டது. தாய் ஆள்காட்டி உடனே சம்மதிக்கவில்லை. "இப்ப யாரு அங்க நடுவர்?" என்று கேட்டது.

"யாரும் இல்ல தாயீ. உன் பிள்ளை கத்தினா நாங்க ஓடுவோம். அவ்வளவுதான்."

அன்று மாலையே குச்சிக் கால்கள் மேட்டில் ஏறி நின்றன. மான்கள் பயமில்லாமல் குனிந்தன. புள்ளிமான் மட்டும் நாணல் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வந்து குடித்தது.

கொழுந்து அந்தக் கோடை முழுக்க வாய் திறக்கவில்லை. மழை தொடங்கிய பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, மருதமரத்தில் ஏறி "கக்!" என்று சொல்லிப் பார்த்தது. கை கூப்பிக்கொண்டது. கிளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னது. மறுபடி. மறுபடி. தொண்டை கட்டும்வரை.

ஒரு வித்தை எதற்காக உண்டானதோ அதை விட்டுவிட்டுப் பரிசுக்காக மட்டும் பிள்ளையைப் பழக்கினால், பரிசு வீட்டுக்கு வரும், வித்தை வேண்டிய நேரத்தில் வராது.