சாத்திய ஜன்னல்

"அம்மா, எத்தனை தடவை துடைச்சாலும் சுவர்ல பூஞ்சை திரும்ப வந்துடுது. இப்போ பீரோவுக்குள்ளயும் புகுந்துடுச்சு. அவ புடவையெல்லாம் வீணாப் போயிடும்மா."

மடத்துக் குருவிடம் வந்து முறையிட்டார் அம்பலவாணர். மனைவி கோமளம் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடியப்போகிறது. அவள் வாசனை வெளியே போய்விடக் கூடாதென்று அன்றைக்குச் சாத்திய ஜன்னலை மனுஷன் இன்னும் திறக்கவில்லை. மகள் சொல்லிப் பார்த்தாள். யார் பேச்சைக் கேட்கிற ஆளா அவர்!

குரு யோகாம்பாள் அவரைவிட வயதில் சின்னவர். மடத்து வாசலில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டார்.

"வாங்க ஐயா, பார்ப்போம்."

மலைச்சரிவில் பனிமூட்டம். முன்னால் போகும் குடை தெரிந்தது, பாதை தெரியவில்லை. கோமளமும் இதற்குள் எங்கேயோ நடந்துகொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் வீட்டில் அறைச் சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாய்ப் படர்ந்திருந்தது.

"என்னெல்லாம் செஞ்சீங்க?"

"வினிகர் போட்டுத் துடைச்சேன். கற்பூரம் வச்சேன். அது மேலேயே சுண்ணாம்பும் அடிச்சேன்."

"அடடா" என்றார் குரு.

ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தார். உள்பக்கம் முத்து முத்தாய்க் கோத்திருந்த நீர் வழிந்து இறங்கியது.

"மழை வெளியிலதானே பெய்யுது?"

அம்பலவாணர் துண்டால் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

குரு பீரோவைத் திறந்து, மேலாக இருந்த பச்சைப் புடவையை அவர் கையில் கொடுத்தார்.

"மோந்து பாருங்க."

முகம் புதைத்தார். மஞ்சளும் இல்லை, மல்லிகையும் இல்லை. ஈரச் சாக்கு நாற்றம்தான் அடித்தது. பெரிய மனுஷன் குழந்தை மாதிரி விசும்பினார்.

"அவ இதுல இல்லையேம்மா! பொத்திப் பொத்தித்தானே வச்சிருந்தேன்!"

குரு அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"முன்னெல்லாம் இந்த ஜன்னலை யாரு திறப்பாங்க?"

"அவதான். எழுந்ததும் முதல் வேலை அதுதான். நான் போர்வைக்குள்ள கிடந்து கத்துவேன். அவ காதுலயே வாங்கமாட்டா. வெயில் உள்ள வரட்டும்னு..."

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலிடம் போனார்.

கொக்கி துருவேறி இறுகியிருந்தது. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். படாரென்று கதவு திறந்தது.

வெளியே மூட்டம் கலைந்து இளவெயில் வந்திருந்தது. சில்லென்ற காற்று புடவையைத் தூக்கி அவர் முகத்தில் போட்டது.

"ஏய், குளிருதுடி!" என்றார் அம்பலவாணர்.