கசப்புப் புட்டியை மூடிய நண்டு

பிளாரன்ஸ் டீச்சர் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. அது நிறையக் கடல் தண்ணீர். அதற்குள் கொடுக்கன் என்ற நண்டு குடியிருந்தார். 'குடியிருந்தார்' என்று மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

ஒரே வருஷத்தில் அவர் இரண்டு தடவை ஓடு கழற்றியவர். பழைய ஓட்டைக் கழற்றுவார், சுண்ணாம்பாலான அதையே கொறித்துத் தின்பார், நாலே நாளில் புது ஓடு கல்லு மாதிரி இறுகிவிடும். அதனால் சுண்ணாம்புச் சத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைப்பு. கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்லுவார். தொட்டியில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

தொட்டியின் நடுவில் செங்கிளை இருந்தாள். அவள் ஒரு பவளம். கிளை கிளையாக விரிந்திருந்த அவளுக்குள்தான் மீன்களும் இறால்களும் வீடு கட்டிக்கொண்டிருந்தன. அண்ணாச்சிக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். அவளுக்கு ஒன்று என்றால் அவருக்குத் தாங்காது.

ஒரு நாள் டீச்சர் இரண்டு மாதத்துக்கு வெளியூர் கிளம்பினார். போகும் முன் தொட்டிக்கு மேலே இரண்டு புட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டார். ஒன்றில் கால்சியம், மற்றதில் மக்னீசியம். இரண்டிலிருந்தும் சின்னக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். ஒவ்வொரு குழாய்க்கும் திறந்து மூட ஒரு திருகு உண்டு. தொட்டிக்குள் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியுமா என்ன? கால்சியம் சுண்ணாம்புப் புட்டி, மக்னீசியம் கசப்புப் புட்டி, அவ்வளவுதான்.

இரண்டாம் நாளே வரியன் என்ற கோமாளி மீன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான். குழாய்ப் பக்கம் வாயைத் திறக்க முடியவில்லை, ஒரே கசப்பு என்று புலம்பினான். அண்ணாச்சி மாதிரி விவரம் தெரிந்தவர் இருக்கும்போது இந்தக் கண்ணராவியெல்லாம் நமக்கு எதற்கு என்று ஐஸும் வைத்தான்.

அண்ணாச்சி உச்சி குளிர்ந்துபோனார். யோசித்தும் பார்த்தார். தான் ஓடு கழற்றியபோது தின்றது சுண்ணாம்பைத்தான். கசப்பு எதையும் தொட்டதில்லை. அப்புறம் பவளத்துக்கு மட்டும் எதற்கு? குழாயைப் பிடித்து மேலே ஏறினார். கசப்புப் புட்டியின் திருகைக் கொடுக்கால் இறுக்கி மூடிவிட்டார். தொட்டியே அவரைக் கொண்டாடியது.

இரண்டு வாரம் போயிருக்கும். செங்கிளையின் நிறம் மங்கியது. வரியன் சும்மா உரசிப் போனதற்கே அவளுடைய கிளை நுனி ஒன்று பொட்டென்று ஒடிந்து விழுந்தது. அண்ணாச்சி ஓடி வந்தார். சத்து போதவில்லை என்று சுண்ணாம்புத் திருகை இன்னும் கொஞ்சம் திறந்தார். மறுநாள் அவள் இன்னும் வாடினாள். இவர் இன்னும் திறந்தார். தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது.

அங்கே ஊரி என்று ஒரு சின்ன நத்தை இருந்தாள். புதிதாக வந்தவள். நாள் முழுக்கக் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பதுதான் அவள் பிழைப்பு. அவளை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அவள் மெல்ல ஊர்ந்து வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க போடுற சுண்ணாம்பெல்லாம் கண்ணாடியிலதான் ஒட்டியிருக்கு. பாசியே கிடைக்கல. வெறும் வெள்ளைத் தூளைத்தான் நக்கிட்டிருக்கேன்."

"ஓடு கழட்டத் தெரியாதவ எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டா!" என்றார் அண்ணாச்சி. வரியன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று மதியமே தண்ணீர் சுற்றும் மோட்டார் கரகரவென்று இழுத்தது. அண்ணாச்சி போய்ப் பார்த்தார். மோட்டார் முழுக்க வெள்ளையடித்த மாதிரி சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது.  நேராகச் செங்கிளையிடம் ஓடினார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க," என்றாள் அவள், குரலே எழும்பாமல். "நீங்க போடுறது என் வாய்க்கு வந்து சேரவே இல்ல. பாதி வழியில தூளாகிக் கீழ விழுந்துடுது. இன்னும் நாலு நாள் இப்படியே போனா நான் இருக்க மாட்டேன்."

அண்ணாச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. தன் பெருமைதான் இவளைக் கொல்கிறது என்று புரிந்தது. எல்லோர் முன்னாலும் ஊரியைத் தேடிப் போனார்.

"தாயி, நான் முட்டாத்தனம் பண்ணிட்டேன். என்ன குறையுதுன்னு நீயே சொல்லு."

ஊரி கண்ணாடியை ஒரு தரம் நக்கிப் பார்த்தாள். பிறகு, "எனக்கு வைத்தியம் தெரியாது. நக்கிப் பாக்கத்தான் தெரியும். நான் பிறந்த கடல்ல உப்போட ஒரு கசப்பும் இருந்துச்சு. இங்க இப்ப அது இல்ல. அது போனதுக்கப்புறம்தான் சுண்ணாம்பு தண்ணியில தங்காம உதிருது," என்றாள்.

அண்ணாச்சி விடுவிடுவென்று ஏறினார். முதலில் சுண்ணாம்புத் திருகை மூடினார். கசப்புத் திருகை ஒரேயடியாகத் திறக்கக் கொடுக்கு துடித்தது. ஊரி கீழிருந்து பதறித் தடுத்தாள். ஒரே நாளில் கொட்டினால் அதுவே எல்லோருக்கும் விஷமாகிவிடும், சொட்டுச் சொட்டாகப் போகட்டும் என்றாள். அண்ணாச்சி சொட்டு விழும் அளவுக்கு மட்டும் திறந்தார். தினமும் ஏறினார், ஊரி கண்ணாடியை நக்கிப் பார்த்துச் சொன்ன அளவுக்குத்தான் திறந்தார்.

வரியன் கசப்பு, கசப்பு என்று மூக்கால் அழுதான். யாரும் காதில் வாங்கவில்லை.

ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிந்தது. அப்புறம் சுண்ணாம்பையும் பழையபடி கொஞ்சமாக விட்டார்கள். இந்தத் தடவை அது உதிரவில்லை, தண்ணீரிலேயே தங்கியது. செங்கிளை குடித்தாள். பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் கிளைகளில் அரிசிமணி அளவுக்கு வெள்ளையாகப் புது நுனிகள் எட்டிப் பார்த்தன. அண்ணாச்சி அவற்றைத் தொடாமல் ஒவ்வொன்றாக எண்ணினார், எண்ணி முடிக்குமுன் சந்தோஷத்தில் கணக்கை விட்டார்.

வரியன் வந்து, இன்றைக்குத் திருகை எவ்வளவு திறக்கப் போகிறீர்கள் அண்ணாச்சி என்று கேட்டான்.

"என்னை ஏன்டா கேக்குற? ஊரி இன்னும் கண்ணாடியை நக்கிப் பாக்கல," என்றார் அவர்.

ஒருவர் குறையைத் தீர்க்க நினைப்பவர், தனக்குத் தெரிந்த மருந்தையே அள்ளிக் கொட்டாமல், கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.