நனையாத இரவு

"மொதல்ல தெருக்குழாயை அடைச்சான். அப்புறம் விளக்குக் கம்பத்தைப் பிடுங்கினான். அதுக்கப்புறம் வேலிக்கல் நட்டான். கடைசியா, ஐப்பசி மழையில, நாங்க உள்ள இருக்கும்போதே வீட்டை இடிச்சான். இந்த வரிசையிலதான், அம்மா. ஒண்ணை முன்னபின்ன சொன்னாலும் அவனுக்குச் சலுகை காட்டினதா ஆயிடும்."

மாரப்பன் மூச்சு வாங்கினார்.

மடத்தின் குரு தெய்வானை அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாரப்பனைவிட மிகவும் இளையவர்.

"அவன் பேரையா நான் வாசிக்கணும்?" என்றார் மாரப்பன்.

மடத்தில் ஒரு வழக்கம். போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்தவர், வந்தபின் வரும் முதல் பௌர்ணமி மாலையில், தமக்குப் படுக்க இடம் தந்தவரின் பெயரை ஊரார் முன் உரக்க வாசித்து நன்றி சொல்ல வேண்டும்.

மடத்துக் கட்டடம் மில் முதலாளி வையாபுரியுடையது. பௌர்ணமி தவறாமல் வருவார். முன்வரிசையில் உட்கார்ந்து தம் பெயரைக் கேட்டுவிட்டுப் போவார்.

மாரப்பனின் தெருவை இடித்தவரும் அவர்தான்.

இன்று பௌர்ணமி.

"வாசிக்கலைன்னா?"

"பூட்டிடுவார். நாங்க எல்லாரும் ரோட்டுல."

"அப்ப, காலமெல்லாம் கோஷம் போட்ட வாயால அவனுக்கு நன்றி சொல்லணும்."

அம்மை ஒரு கல்லை எடுத்து எறிந்தார்.

"வீடு போன அன்னிக்கு ராத்திரி எங்க படுத்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டு சுவரோரம்."

"மழைன்னீங்களே."

"கொட்டுச்சு."

"நனைஞ்சீங்களா?"



"இல்லை."

"ஏன்?"

"இதென்ன போலீஸ் விசாரணையா?"

"அவங்க அடிச்சுக் கேப்பாங்க. நான் சும்மா கேக்கறேன்."

"கிழங்கு விக்கிற பொம்பளை ஒருத்தி. அங்கயே படுக்கிறவ. தார்ப்பாயில பாதியை இழுத்து என் மேல போட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நிலம் யாருக்குச் சொந்தம்னு பேசினேன்."

"அவங்க?"

"'விடியட்டும்யா, இப்ப தூங்க விடு'ன்னா."

அம்மை சிரிக்கவில்லை.

"அவங்க பேரு தெரியுமா?"

"தெரியும்." மாரப்பனின் குரல் தாழ்ந்தது. "ஆனா, அவன் பூட்டிட்டா?"

அம்மை எழுந்தார். உள்ளே போய்த் தம் பாயைச் சுருட்டினார். கயிற்றால் கட்டி வாசலில் கொண்டுவந்து வைத்தார். பிறகு உலை மூட்டப் போனார்.

மடத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு கிழவர் தம் பாயைச் சுருட்டினார். அப்புறம் இன்னொருவர். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

மாலையில் ஊர் கூடியது. வையாபுரி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவருடைய மேனேஜர் ஒரு தாளை நீட்டினார்.

"ஐயா பேரு முழுசா இருக்கு. 'வள்ளல்'ங்கிறதை முழுங்கிடாதீங்க பெரியவரே."

"எனக்கே எழுதத் தெரியும் தம்பி."

மாரப்பன் தம் சட்டைப்பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். தடியடி வாங்கிய கையால் அதை விரித்தார். வாசலில் பாய்கள் வரிசையாகக் கிடந்தன. அம்மை கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் படுக்க இடம் கொடுத்தவர்," என்று மாரப்பன் உரக்க வாசித்தார், "பஸ் ஸ்டாண்டு சுவரோரம் கிழங்கு விற்கும் இருசாயி."