குறட்டைப் படம்

ரமல்லாவில் ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் நிஸ்ரீன் குறும்படம் எடுக்கக் கற்றுத்தந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவளுடைய மாணவர்களில் மூத்தவர் ஜவ்தத், வீடுகளுக்கு டைல்ஸ் போடுபவர், தலை நரைத்தவர். ஆனாலும் அவளை 'உஸ்தாதா' என்றுதான் அழைப்பார். குரு என்றால் குருதான்.

அவர் படம் எடுக்க வந்ததே ஒரே ஒரு ஆளுக்காக. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று காஸாவுக்குப் போன மனைவி ருவைதா, போர் மூண்டதும் அங்கேயே மாட்டிக்கொண்டாள். இப்போது கூடாரத்தில் இருக்கிறாள். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடும். மனதில் இருப்பதையெல்லாம் ஒரு படமாக எடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு.

எடுத்தார். காலி நாற்காலி, காய்ந்துபோன புதினாத் தொட்டி, மூடிய ஜன்னல், பின்னணியில் அழுகிற வயலின். அனுப்பினார்.

"பாதியிலேயே நிறுத்திட்டேன். அழுறதுக்கு இங்க படம் வேற வேணுமா?" என்று பதில் வந்தது.

ஜவ்தத் நொந்துபோனார்.

"உஸ்தாதா, என் ஏக்கம் அவகிட்ட போய்ச் சேர நான் என்ன செய்யணும்?"

"உங்க ரெண்டு பேருக்கும் எதுல சண்டை வரும்?" என்று கேட்டாள் நிஸ்ரீன்.

"சண்டையா? என் குறட்டைதான். கல்யாணமான நாள்லேர்ந்து அதே சண்டை. ராத்திரி பூரா விலாவுல குத்துவா. ஒரு தடவை கோவிச்சுக்கிட்டு மெத்தையைச் சுருட்டிக்கிட்டு சமையலறைக்குப் போயிட்டா. அங்கேயும் கேட்குதுன்னு திரும்பி வந்து இன்னொரு குத்து."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உடனே, துக்க வீட்டில் சிரித்துவிட்டவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதை எடுங்க."

"அவ குண்டுச் சத்தத்துல தூங்க முடியாம கிடக்கா. நான் குறட்டையை அனுப்பவா? விளையாடாதீங்க."

நிஸ்ரீன் விளக்கை அணைத்து, அவருடைய படத்தையே திரையில் ஓடவிட்டாள்.

ஜவ்தத் அன்றைக்குக் காலையிலிருந்து குனிந்து வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். காலி நாற்காலி வந்தபோது கண்ணைக் கசக்கினார். புதினாத் தொட்டி வருவதற்குள் தூங்கிப்போனார். தான் எடுத்த சோகப் படத்துக்குத் தானே தூங்கியவர் அந்த ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். வயலினை அமுக்கிக்கொண்டு குறட்டை கிளம்பியது. மற்ற மாணவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. நிஸ்ரீன் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, பக்கவாட்டில் நின்று கேமராவை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் விழித்ததும், எடுத்ததை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தாள். "அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்."

அவருக்கு வந்தது கோபம். விறுவிறுவென இறங்கிப் போய்விட்டார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். வாயைப் பிளந்துகொண்டு அவர் தூங்குகிறார், அவருக்கு எதிரே திரையில் அந்தக் காலி நாற்காலி. திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு அனுப்பிவிட்டார்.

பதிலே இல்லை. அங்கே லைன் கிடைக்கவில்லையா, அவள் மனம் புண்பட்டுவிட்டதா, தெரியவில்லை. இருந்திருந்து இப்படியா செய்வேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒருநாள் அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. தனியாகக் கேட்கப் பயந்து, வகுப்புக்கே கொண்டுவந்தார்.

"வெட்கங்கெட்ட மனுஷா!" என்று ஆரம்பித்தது ருவைதாவின் குரல். "பக்கத்துக் கூடாரத்துலேர்ந்தெல்லாம் வந்து கேட்டாங்க, யாரு இதுன்னு. என் வீட்டுக்காரர்தான்னு சொன்னேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. மேல ட்ரோன் இரைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. உங்களைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுப் படுத்தேன். தூங்கிட்டேன். எத்தனையோ நாளைக்கப்புறம் நல்லா தூங்கினேன். ஆனா படம் ரொம்பச் சின்னது. முடிஞ்சதும் முழிப்பு வந்துடுது. இன்னும் நீளமா எடுத்து அனுப்புங்க."

ஜவ்தத் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நீளமா எடுக்கணும், உஸ்தாதா?"

"அவங்க வந்து உங்க விலாவுல குத்துற வரைக்கும்."