கோடு போட்ட பூஜ்யம்

பாளையங்கோட்டையில் இசக்கியம்மாள் என்று ஒருவர் இருந்தார். எண்களைக் கொடுத்தால் கோடும் கட்டமுமாக வரைந்து தரும் ஒரு கணினி நிரலை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருந்தார். எங்கெங்கோ இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அவருக்கு வயது முப்பத்தொன்பது.

அவரிடம் நிரல் எழுதக் கற்க வந்த ஞானதுரைக்கு ஐம்பத்திரண்டு. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு பெற்றவர். ஆசிரியர் மாணவரை அண்ணாச்சி என்றார். மாணவர் ஆசிரியரை மேடம் என்றார். பயனர்களிடமிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை ஞானதுரைக்கு வந்து சேர்ந்தது.

பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் செவிலியர் மரகதவல்லி எழுதியிருந்தார்.

"எங்கள் ஆக்ஸிஜன் வார்டில் ஒன்பது கட்டில்கள். ஆங்கில ஓ எழுத்தைப் போட்டு O1 முதல் O9 வரை. எதிர்க் கட்டடத்துப் பொது வார்டில் 01 முதல் 90 வரை. எல்லோருடைய ஆக்ஸிஜன் அளவையும் உங்கள் நிரல் வரைந்து, அரை மணிக்கு ஒரு தாள் அச்சாகி வருகிறது. அதில் ஓவும் பூஜ்யமும் ஒரே மாதிரி தெரிகின்றன. கட்டில் எண்களை மாற்ற நிர்வாகம் ஒப்பவில்லை. எங்கள் எழுத்துருவுக்குள் குறுக்குக் கோடு போட்ட பூஜ்யம் இருக்கிறதாம். உங்கள் நிரல் அதை எடுக்கவில்லை. உதவ முடியுமா?"

ஞானதுரை ஆசிரியரிடம் கேட்டார்.

"ஒரு எழுத்துருவுக்குள்ள ரெண்டு பூஜ்யம் எப்படி மேடம் இருக்கும்?"

"ஒரே எழுத்துக்கு நாலைஞ்சு உருவம் வரைஞ்சு வச்சிருப்பாங்க அண்ணாச்சி. கேட்டாத்தான் வெளிய வரும். நம்ம நிரலுக்குக் கேட்கத் தெரியாது."

"கத்துக்குடுக்கிறது பெரிய வேலையா?"

"பெரிய வேலைதான்."

அன்று இன்னும் இருபது கடிதங்கள் காத்திருந்தன. ஞானதுரை பதில் எழுதினார்: "இது தோற்றம் சார்ந்த கோரிக்கை. இப்போதைக்கு இயலாது. வேறு எழுத்துருவைப் பயன்படுத்திப் பாருங்கள்." கீழே தன் பெயரைப் போட்டு, கோரிக்கையை மூடினார்.

ஆடியில் மரகதவல்லி மறுபடி எழுதினார்.

"தகவலுக்காக எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை வந்த தாளில் ஒரு கோடு சரிந்திருந்தது. மருத்துவரும் நானும் பொது வார்டுக்கு, 06-க்கு ஓடினோம். அங்கிருந்தவர் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பி O6-க்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. பெயர் வேலாண்டி. ஆட்டோ ஓட்டுபவர். வயது முப்பத்து நான்கு. மனைவி பால் வாங்கக் கீழே போயிருந்தார்."

அவ்வளவுதான் கடிதம். வருத்தமோ குற்றச்சாட்டோ அதில் இல்லை.

ஞானதுரை அதை ஆசிரியர் முன் வைத்தார். இசக்கியம்மாள் படித்தார்.

"நான் அதை எழுதுதேன் மேடம்," என்றார் ஞானதுரை.

"எழுதுங்க."

ஒன்பது நாள் எழுதினார். எழுத்துருவிடம் இன்ன உருவம் வேண்டும் என்று நிரல் கேட்க வேண்டும். வருகிற உருவத்தின் அகலத்தை அளந்து, அதற்கேற்ப இடம் விட வேண்டும். கோணலாக எழுதினாலும் செங்குத்தாக எழுதினாலும் சரியாக விழ வேண்டும். வீட்டில் யாரோடும் அவர் பேசவில்லை. பத்தாம் நாள் காலை மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். திரையில் பூஜ்யம் பளிச்சென்று குறுக்குக் கோட்டோடு நின்றது. பக்கத்தில் ஓ வெறுமையாக இருந்தது.

இசக்கியம்மாள் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"பிழை இல்ல."

"அப்போ நிரல்ல சேர்த்துரலாமா?"

"கிளம்புங்க. அந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஞானதுரை எழுந்திருக்கவில்லை. "அந்தம்மா முகத்துல எப்படி மேடம் முழிப்பேன்?"

"அதுக்குத்தான் நானும் வாரேன்."

பேருந்தில் இரண்டு மணி நேரம். மரகதவல்லி நரை விழுந்த, ஒல்லியான பெண். வார்டு வாசலில் நின்றபடியே பேசினார்.

"நான்தான்மா உங்களுக்குப் பதில் எழுதுனவன்," என்றார் ஞானதுரை.

"தெரியும் சார். பேர் போட்டிருந்தீங்க."

மரகதவல்லி இருவரையும் உள்ளே அழைத்துப் போனார்.

வார்டின் கணினியில் புதிய நிரலை ஏற்றினார்கள். அச்சுப்பொறி பழசு. கரகரவென்று ஒரு தாளைத் தள்ளியது. வழக்கமாக ஒட்டும் சுவரிலேயே மரகதவல்லி அதை ஒட்டினார். இசக்கியம்மாள் ஞானதுரையை மருத்துவர் வழக்கமாக நின்று பார்க்கும் இடத்தில் நிறுத்தினார்.

"மேலேர்ந்து மூணாவது கோடு. கட்டில் நம்பரை வாசிங்க அண்ணாச்சி."

"எண்பத்தாறு."

"கிட்டப் போய்ப் பாருங்க."

கிட்டப் போனார். அது 06. குறுக்குக் கோடு மையில் ஊறி, பூஜ்யத்தின் வயிற்றை இரண்டாகப் பிரித்திருந்தது. இரண்டடி தள்ளி நின்றால் அது எட்டு.

"எண்பத்தாறுல யாரும் இருக்காங்களா?" என்று இசக்கியம்மாள் கேட்டார்.

"ஒரு பொண்ணு இருக்கா," என்றார் மரகதவல்லி. "பிரசவமாகி நாலு நாள். மூச்சுத் திணறல்."

ஞானதுரை சுவரிலிருந்து தாளைக் கிழித்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பிறகு அவர் மரகதவல்லியிடம் கேட்டார். "குறுக்குக் கோடுதான் வேணும்னு எதுக்கும்மா கேட்டீங்க?"

"கம்ப்யூட்டர் பார்க்குற தம்பி அப்படி ஒண்ணு இருக்குன்னு சொன்னார். எனக்கு வேற என்ன தெரியும் சார்? எனக்கு வேண்டியது ரெண்டும் வேற வேறயாத் தெரியணும். ஓடுற அவசரத்துல தெரியணும்."

ஞானதுரை எழுத்துருவைத் திறந்தார். அதற்குள் இருந்த உருவங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி அச்சிட்டார். நடுவில் புள்ளி வைத்த பூஜ்யம் இருந்தது. புள்ளி மையில் பரவி மறுபடியும் எட்டானது. ஒடுக்கமான பூஜ்யம் தூரத்தில் ஓவாகவே தெரிந்தது. ஒவ்வொரு தாளையும் மரகதவல்லி ஒட்டினார். கையில் ஊசித்தட்டோடு போகிற வருகிற செவிலியர்களை நிறுத்தி வாசிக்கச் சொன்னார். தப்பாக வாசித்த தாள்கள் தரையில் சேர்ந்தன.

மூன்று மணிக்கு, பழைய முறை எண்கள் என்று ஒரு தொகுதி கிடைத்தது. அதில் பூஜ்யம் பாதி உயரம்தான். பெரிய ஆறுக்குப் பக்கத்தில் சின்னக் குண்டுமணி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஓ தன் முழு உயரத்தில் நின்றது.

முதலில் மரகதவல்லி வாசித்தார். பிறகு ஐந்து பேர். மருத்துவர் வாசலில் நடந்தபடியே வாசித்தார். ஒருவரும் தவறவில்லை.

"இதையே வைங்க," என்றார் மரகதவல்லி. அடுத்த தாளை ஒட்டப் பசையை எடுத்தார். அவர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஞானதுரையும் நினைக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். ஞானதுரை ரொம்ப நேரமாக எதையோ கேட்க நினைத்து அடக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்.

"பங்குனியிலேயே நான் இங்க வந்திருந்தா, அந்த மனுஷன் பிழைச்சிருப்பாரா மேடம்?"

"பிழைச்சிருப்பார்."

ஞானதுரை காத்திருந்தார். ஏதாவது ஆறுதலாக வரும் என்று நினைத்தார் போல. எதிரே ஒரு ஆட்டோ ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"நீங்க அந்தக் கடிதத்தை மூடுனதை நானும் பார்த்தேன் அண்ணாச்சி," என்றார் இசக்கியம்மாள். "பார்த்துட்டு அடுத்த கடிதத்துக்குப் போயிட்டேன்."

ஞானதுரை சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். இசக்கியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைத் தொடவில்லை. பைக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"இன்னைக்குப் பதினேழு கடிதம் வந்திருக்கு. ஒண்ணொண்ணா வாசிக்கேன். கேளுங்க."