கானாவூர் மணப்பெண்

கானாவூர்க் கல்யாணத்துக்கு எல்லாம் தயாராகிவிட்டது, மணப்பெண் ஒருத்தியைத் தவிர.

சபை நடத்தும் முதியோர் இல்லத்துக்குக் கூரை மாற்ற வேண்டும். சும்மா நன்கொடை கேட்டால் யார் தருவார்கள்? பியூலாவும் அவள் சிநேகிதிகள் டெய்சியும் சொர்ணமும் கூடி யோசித்தார்கள். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கியதாக வேதத்தில் வருகிற அந்தக் கல்யாண வீட்டையே கோயில் மண்டபத்தில் எழுப்பிவிடுவது. ஓரமாய் ஆறு கற்ஜாடிகள். சீட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் பந்தி. வாசலில் நின்று வரவேற்க, தலையில் வெள்ளை நெட் முக்காடு போட்ட மணப்பெண்.

“ஏட்டி பியூலா, நீ ஜாடிப் பக்கம் நின்னுக்கோ,” என்றாள் டெய்சி. “திராட்சரசம் எங்கேருந்து வந்துச்சுன்னு தண்ணி மொண்டவங்களுக்குத்தான தெரியும். ஆசீர்வாதமான வேலைட்டி.”

“பொண்ணு?”

“அதான் தேடுதோம். சின்னப் பிள்ளையளா பாக்கணும்,” என்றாள் சொர்ணம்.

பியூலா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். சபையில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் தலையில் நெட் குத்திவிடுவது அவள்தான். ஐம்பதைத் தாண்டியும் அவளுக்குக் குத்திவிட ஒரு நாள் வரவில்லை. ஆசை அறுபது நாள் என்பார்கள். பியூலாவின் ஆசைக்குக் கணக்குத் தெரியாது போலும், போகவே இல்லை.

வாடகைக்கு எடுத்த நெட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சபை ஆயரம்மாவைப் பார்க்கப் போனாள். ஆயரம்மா ஹெப்சிபா அவளைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் மனசுக்குள் முள் குத்தினால் பியூலா போய் நிற்பது அவரிடம்தான்.

“ஆயரம்மா, ஒரு ஆசையை எப்படிக் கொல்லுதது?”

“என்ன ஆசைக்கா?”

பியூலா கையிலிருந்த நெட்டைப் பார்த்தாள்.

ஆயரம்மா அதை வாங்கி, உதறி, அவள் தலையில் போட்டார். மடிப்புச் சரியில்லை. அத்தனை பெண்களுக்கு மடிப்பு எடுத்த பியூலாவின் விரல்கள் தாமாகவே போய் அதைச் சரிசெய்தன. ஒரே ஒரு நாள், வேஷத்துக்காவது, அந்த வாசலில் இப்படி நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

“ஐயோ, எடுத்துருங்க. யாராவது பாத்தா சிரிப்பாவ.”

“யாரு சிரிப்பா?”

“டெய்சியும் சொர்ணமும்தான். இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இதுன்னு.”

“ஆசையா இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னியளாக்கா?”

“சொல்லணுமா?” பியூலா நிமிர்ந்து பார்த்தாள். “முப்பது வருஷமா ஒண்ணா ஜெபிக்கோம், ஒண்ணா சாப்பிடுதோம். ஜாடிப் பக்கம் நில்லுன்னு சொல்லுதாளே, என் முகத்தைப் பாத்தா தெரியாதா? சொல்லித்தான் தெரியணும்னா அது என்ன சிநேகிதம்?”

வெளியே டெய்சியின் குரல் கேட்டது. “பியூலா, உள்ளதான் இருக்கியா? பொண்ணு ஒண்ணும் அமையலட்டி!”

பியூலா பதறி நெட்டை இழுத்தாள். ஆயரம்மா அவள் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

“கானாவூர்ப் பந்தியில ஆண்டவரே உக்காந்திருந்தாரு. அவருக்குத் தெரியாததாக்கா? அங்கயும் அவரைப் பெத்த அம்மா போய் ‘ரசம் இல்லை’ன்னு வாயத் திறந்து சொல்ல வேண்டியிருந்துச்சே.”